எனக்கு என்பதும் எங்களுக்கு என்பதும்



தேர்வுக்காலம் நெருங்கினால் வழிபாட்டிடங்களில் இளைஞர் கூட்டம் பெருகுகிறது. எங்கள் குன்றத்தூரில் முருகன் கோயிற் படிகளிலும், பரங்கிமலைத் தேவாலயத்திலும் நுழைவுச்சீட்டும் பேனாவும் ஏந்திய பிள்ளைகளைக் காணலாம். நான் கிறிஸ்தவன், ஆதலின் கிறிஸ்தவ செபத்தைப் பற்றியே பேச முற்படுகிறேன். எனினும், சேக்கிழார் பெருமான் பிறந்த ஊரில் வாழ்பவன் அவரை மறந்து இப்பொருளைத் தொடங்க முடியாது. வீடுபேற்றையும் விரும்பாது அன்பால் வணங்குவதையே விரும்பியவர்கள் என்று அடியார் கூட்டத்தை அவர் பெரியபுராணத்திற் போற்றுகிறார். அத்தகைய அன்பு நம்முள் எத்துணைப் பேருக்கு வாய்த்திருக்கிறது? நமக்குத் தேவைகள் இருக்கின்றன, கேட்கிறோம். கேட்பது குற்றமன்று. எதற்காகக் கேட்கிறோம் என்பதே வினா.

மாற்கு எழுதிய நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இருவேறு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் ஒரு வரம் கேட்க வருகிறார்கள். என்ன வேண்டும் என்று அவர் வினவுகிறார். அவருடைய மகிமையில் ஒருவருக்கு வலப்புறமும் மற்றவருக்கு இடப்புறமும் இருக்கை வேண்டுமாம். சற்றுப் பின்னர், எரிகோ நகரின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயு என்னும் பார்வையற்ற இரவலன் கூவி அழைக்கிறான். அவனிடமும் இயேசு அதே வினாவைத்தான் கேட்கிறார். அவன் கேட்டது பார்வை.

இருவகையினரும் தமக்காகவே கேட்டார்கள். பின் வேறுபாடு எங்கே? பர்த்திமேயு பார்வை பெற்றால் எவர் கண்ணும் குறைந்துவிடாது. அவ்விரு இருக்கைகளோ, இவர்களுக்குக் கிடைத்தால் மற்றப் பதின்மருக்கும் இல்லை. அவர்கள் அது கேட்டுச் சினந்ததில் வியப்பென்ன?

இனி, இலக்கண வகுப்பில் நீங்கள் படித்த ஒன்றை நினைவூட்டுகிறேன். கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’. அவரை நீக்கிச் சொல்வது ‘நாங்கள்’. இயேசு கற்பித்த செபம் கடவுளை முன்னிலைப்படுத்துவதால், தமிழில் ‘எங்கள்’, ‘எங்களுக்கு’ என்றே வழங்குகிறது. அன்றாட உணவைக் கேட்குமிடத்திலும் அச்சொல்லே. ‘எனக்கு’ என்னும் சொல் அச்செபத்தில் ஓரிடத்தும் இல்லை.

ஆகவே உங்கள் வேண்டுதலில் ‘எனக்கு’ என்பதை நீக்கிவிட்டு ‘எங்களுக்கு’ என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள். ‘படித்தவை எனக்கு நினைவில் நிற்கட்டும்’ என்பது எவ்வித இடையூறுமின்றி மாறிவிடும். ‘வகுப்பில் எனக்கு முதலிடம் கிடைக்கட்டும்’ என்பது மாறாது. நாற்பது பேருக்கு முதலிடம் ஏது? 2017 முதல் நம் மாநிலப் பொதுத்தேர்வுகளில் முதலிடம் பெற்றோர் பட்டியலை அரசு வெளியிடுவதில்லை. நல்ல செயல்தான். ஆனால் நெஞ்சுக்குள் ஒட்டிவைத்திருக்கும் பட்டியலை எந்த அரசாணை நீக்கும்?

பன்மையும் சில வேளை ஏமாற்றும். ‘எங்கள் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி தாரும்’ என்று தலைமையாசிரியர்கள் செபிப்பதுண்டு. அந்த ‘எங்கள்’, ‘என்’ என்பதன் மரியாதைப் பன்மையாகவும் இருக்கக்கூடும். எங்கள் இனத்தாரை நான் அறிவேன்.

நம் நாட்டில் வாழ்ந்த ஒருவரைச் சொல்லுகிறேன். அயர்லாந்தில் 1867-ஆம் ஆண்டு பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், சிறுமியாக இருந்தபோது தம் பழுப்பு நிறக் கண்கள் நீல நிறமாக வேண்டுமென்று செபித்தாராம். கண்கள் மாறவில்லை. பின்னர் 1901 முதல் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் தங்கி, ஆபத்திலிருந்த பெண்குழந்தைகளைக் காக்கும் பணியில் இறங்கினார். நம் பெண்களைப் போல் உடுத்தி அவர் உலாவியபோது, அந்தப் பழுப்புக் கண்கள் அவரை அயலாராகக் காட்டிக் கொடுக்கவில்லை என்பர்.

இக்கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். அவருடைய மற்றொரு செபம் அத்துணை பரவவில்லை. 1931 அக்டோபர் 24 அன்று, தம் பிள்ளைகளுக்கு உதவத் தம்மைத் தகுதியாக்கும் எதையும் செய்தருளுமாறு அவர் வேண்டினார். அன்று மாலையே களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951-இல் மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். அங்கிருந்தே பல நூல்களை எழுதினார். அவ்விபத்தே அச்செபத்துக்கு விடை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இரு செபங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். நீலக் கண் கேட்ட குழந்தைக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. அறுபதைத் தாண்டிய அம்மையாருக்கு யாருக்காக என்பது மட்டுமே தெரிந்தது.

‘அப்படியாயின், உள்ளம் தூய்மையாகும்வரை செபிக்கவே கூடாதா, ஐயா?’ என்று மாணவர் கேட்பதுண்டு. இருக்கை கேட்ட சகோதரர்களை இயேசு விரட்டிவிடவில்லை. என்ன கேட்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றார். தாம் பருகும் கிண்ணத்திலிருந்து பருக முடியுமா என்றும் வினவினார். பொருள் விளங்காமலே ‘முடியும்’ என்றார்கள். அவ்விருவருள் யாக்கோபு, சில ஆண்டுகளுக்குப் பின் ஏரோது அரசனின் வாளுக்கு இரையானார். அப்போது அவர் இருக்கை எதையும் கேட்டதாக எழுதப்படவில்லை.