உள்ளதைக் கொடுப்போம்



வாசகம் வாசிக்க அழைத்தால் நமக்குக் கூச்சம். சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பிக்கச் சொன்னால் பயம். "நமக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்குகிறோம்.

புனித ஜான் மரிய வியான்னிக்கு இலத்தீன் எளிதில் வரவில்லை. 1815-இல் குருவானார். 1818-இல் ஏறக்குறைய 230 பேரே வாழ்ந்த ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். தமக்குத் தகுதியில்லை என்றஞ்சி, அங்கிருந்து ஓடிப்போகவும் முயன்றார். ஆனால் திரும்பி வந்தார். 1859-இல் இறக்கும்வரை பாவசங்கீர்த்தனம் கேட்டார். அவரைத் தேடி ஆயிரமாயிரம் பேர் வந்தனர். 1929-இல் திருச்சபை அவரைப் பங்குக் குருக்களின் பாதுகாவலராக்கியது.

பயம் தீர்ந்த பிறகு அவர் பணி செய்யவில்லை. பயத்தோடேயே இறைவனை நம்பிச் செய்தார்.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனைப்போல், நம்மிடம் உள்ளதைக் கொடுப்போம். பெருகச் செய்வது ஆண்டவர் பொறுப்பு.