விசுவாசத்தில் வளர்வோம், பிறரையும் வளர்ப்போம்

(பங்கின் ஜூபிலி விழாக் கூட்டத்தில் பொதுநிலையினர் சார்பில் ஆற்றிய உரை)

 



ஜூபிலி என்றால் கொடியேற்றமும் தேர்ப் பவனியும் மட்டுமல்ல. இறைவன் நம்மை நடத்தி வந்த வழிக்கு நன்றி கூறுவதோடு, நம்மை நாமே சோதித்துப் பார்க்கவேண்டிய வேளையும் இதுவே. ஆகவே, நமக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தை முதலில் சொல்லிவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு நம் பங்கில் ஒரு மரணம். பங்குத் தந்தை வெளியூர் சென்றிருந்தார். பங்குப் பேரவையைச் சேர்ந்த நாம் ஏழெட்டுப் பேர் துக்க வீட்டு வாசலில் நின்றோம். பந்தலுக்கு ஆள் அனுப்பினோம். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஏற்பாடு செய்தோம். ஆனால், "யாராவது ஜெபம் சொல்லுங்களேன்" என்று அந்த வீட்டு அம்மா கேட்டபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிதான் முழங்காலிட்டு, ஜெபமாலையைத் தொடங்கி, மரித்தோருக்கான மன்றாட்டுகளையும் மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். பிறகு விசாரித்தோம். சிறுவயதில் உபதேசியாரிடம் கற்றதாம். "தினமும் சொல்றேனே ஐயா, எப்படி மறக்கும்?" என்றார்.

பதவி நம்மிடம் இருந்தது. அன்று நம்மை ஜெபத்தில் நடத்தியவரோ அந்தப் பாட்டி.

அன்பர்களே, இந்த வழிமுறை நமக்குப் புதியதன்று. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். நோயாளிகளின் வீடுகளுக்கு அச்சிறுவர்களையே ஜெபிக்க அனுப்பினார். அவர் ஓர் ஊரைவிட்டு மறு ஊருக்குப் போனபின், ஜெபத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்ப் பொதுநிலையினரே. அவர் வழியில் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். விசுவாசம் தாய்மொழியில் வேரூன்ற வேண்டும் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

நட்டாலத்தில் பிறந்த புனித தேவசகாயத்தை எண்ணிப் பாருங்கள். அவர் குருவானவர் அல்ல. திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஏழே ஆண்டுகளில், 1752 சனவரி 14-ல், காற்றாடிமலையில் சுடப்பட்டு இரத்தசாட்சியானார். அந்தச் சில ஆண்டுகளில் தாம் பெற்ற விசுவாசத்தைத் தம் மனைவியோடும் பிறரோடும் பகிர்ந்தார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகினார். 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஏழு ஆண்டுகளில் அவர் அவ்வளவு வளர்ந்தார். குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்ற நாம் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம்?

பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி திருமுழுக்கிலிருந்தே பிறக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கற்பித்தது. 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் ஒரு திருப்பணியாகவே ஏற்படுத்தினார். ஆகவே, "அது சாமியார் வேலை" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

நாம் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, வீட்டில் மாலை ஜெபம். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அரைமணி நேரம் அணைத்துவைக்க இயலாத நாம், பிறர் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவது எப்படி? இரண்டாவது, கற்றல். ஞாயிறு வாசகங்களைச் சனிக்கிழமை இரவே குடும்பமாக வாசிப்போம். மூன்றாவது, இடம் விடுதல். ஒலிபெருக்கியும் முன் இருக்கையும் யாருக்கு என்று நாம் பூசலிட்டதை இளைஞர்கள் பார்த்திருக்கிறார்கள். சிலர் அதனாலேயே விலகிப்போனார்கள். சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரிடம் இதற்காக மன்னிப்புக் கேட்போம்.

ஒவ்வோர் அன்பியத்திலும் இரண்டு இளைஞர்களை அழைத்து அந்தப் பாட்டியின் அருகே அமர்த்துவோம். அவர்களோடு நாமும் அமர்ந்து கற்போம். இனி ஒரு துக்க வீட்டில் ஜெபம் கேட்கப்பட்டால், நம்மில் ஒருவராவது முழங்காலிடுவோம். இந்த ஜூபிலி ஆண்டில் ஆண்டவருக்கு நாம் செலுத்தும் காணிக்கை இதுவாகட்டும்.

இறைவனுக்கே புகழ்!