ஓரம் சொல்லாமை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்து வாழும் நம் நாவில் அடிக்கடி எழும் சொல் ஒன்று உண்டு. வாடகைக்கு வீடு கிடைக்காவிடினும், அலுவலகத்தில் பதவி உயர்வு தள்ளிப்போயினும், ‘பாரபட்சம் காட்டுகின்றனர்’ என்கின்றோம். சில வேளை அஃது உண்மை. சில வேளை அன்று. ஆதலின் முறைகேட்டைச் சுட்டும் சொற்கள் சிலவற்றை இன்று சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதலில், கொடுமை. ‘கொடு’ என்பது வளைவைக் குறிக்கும் அடிச்சொல். வளைந்த வாள் கொடுவாள்; வளைந்த கோல் கொடுங்கோல். கொடுமை என்றதும் இன்று நமக்கு அடியும் உதையும் நினைவுக்கு வருகின்றன. ஆயின் நேர்மையினின்று வளைந்த அன்றே கொடுமை தொடங்கிவிடுகின்றது. திருவள்ளுவர் செங்கோன்மையை 55ஆம் அதிகாரத்திலும் கொடுங்கோன்மையை 56ஆம் அதிகாரத்திலும் அரசனுக்காக வைத்தார். அதற்கு நெடுமுன்னரே, 12ஆம் அதிகாரத்தில், நடுவுநிலைமையை இல்வாழ்வானுக்கு உரிய அறமாக வைத்துவிட்டார். இவ்வரிசை எண்ணத்தக்கது.

அடுத்தது, ஓரம். மன்றில் நடுவிருப்போர் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புரைத்தலை ‘ஓரம் சொல்லுதல்’ என்றனர் நம் முன்னோர். அதனோடு வஞ்சனையும் சேர்ந்தால் ஓரவஞ்சனை. வஞ்சனை என்பதனால், சாய்வதோடு சாயாதவர்போல் நடித்தலும் அதில் அடங்கும் எனலாம். விருந்தில் வேண்டியவர் இலைக்கு நெய்யும், வேண்டாதவர் இலைக்கு வெறும் அகப்பையும் காட்டுதல் பந்திவஞ்சனை. இதற்கெனத் தனிச்சொல்லே படைத்த இனம் நம் இனம். அக்குற்றம் நம்மிடையே எவ்வளவு பழகியிருந்தது என்பதற்கும் அச்சொல்லே சான்று.

பாகுபாடு என்பதோ வேறு. பகுத்தல் தன்னளவில் குற்றமன்று. உயர்திணை, அஃறிணை எனப் பிரிப்பதும் பாகுபாடே. நோயுற்ற மகனுக்குக் கஞ்சியும் மற்றவனுக்குச் சோறும் இடும் தாயை ஓரவஞ்சனைக்காரி என்போமா? பொருந்தாக் காரணங்கொண்டு பிரித்தலே பிழை. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள நம் அரசியலமைப்பும் இவ்வேறுபாட்டை அறிந்துள்ளது. சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் குடிமக்களை அரசு வேறுபடுத்தலாகாது என்கின்றது 15ஆம் பிரிவு. அப்பிரிவே மகளிர்க்கும் குழந்தைகட்கும் தனி ஏற்பாடு செய்ய இடந்தருகின்றது. பிறப்பிடம் என்னும் அவ்வொரு சொல், அயலூரில் வாழும் நமக்குப் பெருங்காவல்.

அக்காவலை நாடும் நாம், நம் கைகளையும் பார்க்க வேண்டாவா? சில ஆண்டுகட்கு முன், நம் பொங்கல் விருந்தில், பந்தலிட்ட தொழிலாளரும் வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்டிரும் கடைசிப் பந்திவரை காத்து நின்றனர். அவர்கள் அமர்ந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது. ‘நேரமாயிற்று’ என்றோம். அவர்களுள் ஒரு மூதாட்டியார், “ஊர் மாறியும் பந்தி மாறவில்லையே, ஐயா!” என்றார். விடை கூற நமக்கு வாய் எழவில்லை. மறு ஆண்டு முதல், வந்த வரிசைப்படியே அமர்வது என முடிவு செய்தோம். இன்றும் அவ்வாறே அமரப் போகின்றோம்.

அன்பர்களே! நமக்குக் குறை நேர்ந்தால் வாய்மூடி இருத்தல் வேண்டா. யாரை, யாரினின்று, எக்காரணத்தால் பிரித்தனர், அக்காரணம் பொருந்துமா என ஆராய்ந்து, உரிய சொல்லைத் துணிந்து சொல்வோம். பொருந்தாவிடத்து அச்சொல்லை வீசினால், உண்மையாகவே நலிந்தவன் கூறும்போது கேட்பார் இரார். பிறர் கோலின் வளைவைக் காணும் கண், நம் அகப்பையின் சாய்வையும் காணட்டும்.