புலிகேசி வில்லனா?

(சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

நம்மில் பலரைப் போல எனக்கும் பல்லவ சரித்திரம் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வழியாகத்தான் தெரியும். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த அந்த நாவலை, வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த பக்கங்களில் சிறுவனாகப் படித்தேன். வாதாபி எரிந்தபோது கை தட்டினேன்.

சமீபத்தில் அந்தக் கதையை என் பேரனுக்குச் சொன்னேன். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். "தாத்தா, புலிகேசி ஹர்ஷரையே ஜெயிச்ச ராஜா இல்லையா? அவர் எப்படிக் கெட்டவர் ஆவார்?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக இந்த ஊர் உப்பைத் தின்கிற எனக்கு இந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை?

பிறகு இரு தரப்புச் சாட்சியங்களையும் தேடிப் படித்தேன். கி.பி. 634-35ல் ரவிகீர்த்தி இயற்றிய ஐஹொளே கல்வெட்டு, 99,000 கிராமங்கள் கொண்ட மூன்று மஹாராஷ்டிரங்களுக்கு இரண்டாம் புலிகேசி அதிபதி என்கிறது. பல்லவனைக் காஞ்சிக் கோட்டைக்குள் ஒளிய வைத்தான் என்றும் சொல்கிறது. பல்லவர்களின் கூரம் செப்பேடோ, மணிமங்கலம் முதலான போர்களில் புறங்காட்டிய புலிகேசியின் முதுகில் நரசிம்மவர்மன் வெற்றி என்று எழுதினான் என்கிறது. இரண்டும் அரசவைப் புகழ்ச்சிதான். ஒரே ஒரு அளவீட்டை நம்பி முடிவுக்கு வராதே என்பது லேபரட்டரியில் கற்ற பாடம். அதை இங்கே மறந்துவிட்டேன்.

சுமார் 642ல் வாதாபி வீழ்ந்தது நிஜம். சிவகாமியும், ஆயனரும், நாகநந்தியும் கற்பனை. கற்பனை செய்ய நாவலாசிரியருக்கு உரிமை உண்டு. கதையைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது என் தவறு.

கதைக்குப் பின் நடந்ததையும் கேளுங்கள். சுமார் நூறு வருஷம் கழித்து, புலிகேசியின் எள்ளுப்பேரன் இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிக்குப் பழியாக நகரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோவிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோவிலிலேயே இருக்கிறது.

அடுத்த லீவில் பேரனை அங்கே அழைத்துப் போகப் போகிறேன். நீங்களும் காஞ்சிபுரம் போனால் உங்கள் குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள். அவர்களுக்கு இரண்டு ஊரும் சொந்தம்.