கல்லில் சட்டம், கையில் விலங்கு



ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் முண்டா மக்கள் இறந்தவர் நினைவாகவும் ஊர் எல்லை காட்டவும் கல் நடுவது வழக்கம். அதற்குப் பத்தல்கடி என்று பெயர். 2017இல் அந்தக் கற்களில் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையையும், கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு பெசா சட்டத்தையும் செதுக்கி ஊர் முகப்பில் நட்டார்கள்.

ஏன்? பிர்சா முண்டாவின் கிளர்ச்சிக்குப் பின் வந்த 1908ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பழங்குடி நிலத்துக்குக் காவல். 2016இல் மாநில அரசு அதைத் திருத்த முனைந்தது. போராட்டம் வலுத்ததால் திருத்தம் கைவிடப்பட்டது. ஆனால் நிலம் பறிபோகும் என்ற அச்சம் போகவில்லை.

அரசு தந்த பதில் தேசத்துரோக வழக்கு. அந்த முதல் தகவல் அறிக்கைகளில் பெயரோடு இருந்தவர்கள் கொஞ்சம் பேர். 'அடையாளம் தெரியாத மற்றவர்கள்' ஆயிரக்கணக்கில். தோழர்களே, ஆபத்து இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் இதில் சேர்க்கலாம். சந்தைக்குப் போகவும் பயம், கூட்டத்துக்கு வரவும் பயம். வழக்கை நிரூபிக்க வேண்டியதில்லை, நிலுவையில் வைத்திருந்தாலே போதும். கூடங்குளம் போராட்டத்தில் இடிந்தகரை மக்கள் பார்த்ததும் இதைத்தான்.

கல்வெட்டுகள் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டன என்கிறார்கள். இருக்கட்டும். தவறான புரிதலுக்கு விளக்கம்தான் பதில், 124ஏ அல்ல. வன்முறை நடந்தால் செய்தவர் மீது வழக்குப் போடுங்கள். ஊரையே ஏன் குற்றவாளியாக்குகிறீர்கள்?

2019 டிசம்பர் 29 அன்று பதவியேற்ற புதிய அரசு, அன்றே இவ்வழக்குகளைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. ஆட்சி மாறினால் கரைந்துபோவது எப்படிக் குற்றமாக இருக்க முடியும்?

பத்தல்கடி தொடர்பாக முகநூலில் எழுதியதற்காக வழக்குக்கு ஆளானவர்களில் ஒருவர், நம் திருச்சி மண்ணில் பிறந்த ஸ்டேன் சுவாமி. விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர். பின்னர் பீமா கோரேகான் வழக்கில் ஊபா சட்டத்தில் கைதாகி, தானும் விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். அவருக்கு வயது 84.

2024 ஜூலையில் 124ஏ போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு வந்துவிட்டது. தேசத்துரோகம் என்ற சொல்தான் இல்லை, நோக்கம் அதேதான்.

ஆகவே, 'கலவரக்காரர்கள்' என்று செய்தி வந்தால் உடனே பகிராதீர்கள். முதல் தகவல் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். என்ன பிரிவு? எத்தனை பெயர்? எத்தனை 'மற்றவர்கள்'? யாருடைய நிலம்? கிராம சபையைக் கேட்டார்களா? இந்தக் கேள்விகளை உரக்கக் கேட்போம்.

ஜெய்பீம்!