நற்பிரஜை என்பவன் யார்?



  

ஜிந்துப்பிட்டியில் மஃரிப் தொழுகைக்குப் பின் பாடம் கேட்க வரும் மாணவர்களிடம், நற்பிரஜை என்பவன் யார் என்று அண்மையில் வினவினேன். பாடப்புத்தகத்தில் உள்ள விடையைச் சொல்வார்கள் என்றே எதிர்பார்த்தேன். “அடையாள அட்டையை எப்போதும் வைத்திருப்பவன்” என்றான் ஒருவன். “வேறு ஆட்களின் பிரச்சினையில் தலையிடாதவன்” என்றான் மற்றொருவன். “யாருக்கும் நம்மீது சந்தேகம் வராதபடி நடப்பவன்” என்றான் மூன்றாமவன். எவரும் சிரிக்கவில்லை.

1999ஆம் ஆண்டில் 28 நாடுகளைச் சேர்ந்த, 14 வயதுடைய ஏறத்தாழ 90,000 மாணவர்களிடம் குடியியல் பற்றிய பெரும் ஆய்வொன்று நடத்தப்பட்டது. நமது நாடு அதில் இடம்பெறவில்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதையும் வாக்களிப்பதையும் நற்பிரஜைக்குரிய இலட்சணங்களாக அம்மாணவர்களில் மிகப் பலர் கருதினர். கட்சியில் சேர்வதற்கு அவர்கள் கொடுத்த மதிப்போ மிகக் குறைவு. (அரசியல்வாதிகள் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக!) பாஷையும் மதமும் வேறான பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே விதமாகச் சிந்தித்திருக்கின்றனர். ‘இந்நாடு என்னுடையது’ என்பதில் ஐயமில்லாதவர்களின் விடைகள் அவை.

எமது பிள்ளைகளின் விடைகளோ, அந்த உரிமையை அடிக்கடி நிரூபிக்க வேண்டியிருந்தவர்களின் விடைகள். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் நிகழ்ந்த கொடூரத்தின்போது இவர்கள் சிறுவர்கள். அவ்வாலயம் எமக்கு நடைதூரத்தில் உள்ளது. அதன்பின் வீட்டில் இவர்கள் கேட்டு வளர்ந்த புத்திமதி, “வாயை மூடிக்கொண்டு இரு” என்பதே. பெற்றோரை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்தப் புத்திமதி அதைவிடப் பழையது. நானும் அதைக் கேட்டவன்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். இங்கு தங்குவதற்குத் தக்க காரணம் அவர்களுக்கு இல்லை எனக் கூறப்பட்டது. அரபுக் கல்லூரி மாணவனாகிய நான் அப்போது விடுமுறையில் வீட்டில் இருந்தேன். “இது தமிழருடைய பிரச்சினை, நமக்கு எதற்கு?” என்றார் வீட்டுப் பெரியவர் ஒருவர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை பிறப்பிக்கப்பட்டது.

நேயர்களே! அந்நேரத்தில் ஹில்புல் புழூல் உடன்படிக்கையை நான் கிதாபில் ஓதியிருந்தேன் என்பதுதான் வெட்கத்துக்குரியது. யெமனின் ஸபீத் எனும் ஊரிலிருந்து மக்காவுக்கு வந்த வியாபாரி ஒருவரிடம் ஆஸ் பின் வாயில் பொருளை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். அவ்வியாபாரிக்கு அங்கு கோத்திரமும் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை. குறைஷிக் கோத்திரங்கள் சில, அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் கூடின. அநீதியிழைக்கப்பட்டவர் உள்ளூரவரானாலும் வெளியூரவரானாலும் அவருடைய உரிமையை மீட்டுக் கொடுப்போம் எனச் சத்தியம் செய்துகொண்டன. நபித்துவத்துக்கு முன், இருபது வயதளவில் இருந்த நபி (ஸல்) அவர்களும் அதிற் பங்குபற்றினார்கள். இஸ்லாம் வந்தபின்பும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் பதிலளிப்பதாகக் கூறினார்கள். அங்கு கூடியிருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

2020இல் கொவிட் தொற்றினால் மரணித்தோரின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான ஒரு சிசுவின் உடலும் எரிக்கப்பட்டது. அப்போது பொரளை கனத்தை மயான வேலியில் கபன் துணியின் நினைவாக வெள்ளைத் துணித்துண்டுகள் கட்டப்பட்டன. கட்டியவர்களுள் சிங்களவரும் தமிழரும் இருந்தனர். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

இவற்றையெல்லாம் அம்மாணவர்களுக்கு எடுத்துரைத்தேன். ‘தலையிடாதவன்’ என்று கூறியவன் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுக் கேட்டான்: “ஹஸரத், 2007இல் அந்த விடுதி ஆட்களுக்காக நம்முடைய ஒழுங்கையிலிருந்து யாராவது போனார்களா?”

“இல்லை” என்றேன்.