தறிக்கு முன்னே ஒரு சான்றிதழ்



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் கோர்வைச் சேலை நெய்கையில், நெசவாளர் ஒருபுறம் அமர்ந்திருக்க, மறுபுறத்துக் கரைக்கு நாடாவை எறிவதற்கென்று சிறுவன் ஒருவனை உட்கார்த்தி வைப்பது நெடுநாள் வழக்கம். காது கேளாத பிள்ளை பிறந்த வீட்டிலோ, இவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, ஜாடை பார்த்தே வேலையைப் பிடித்துக்கொள்வானே என்று பெற்றோர் வாஞ்சையோடுதான் முடிவு செய்துவிடுகிறார்கள். நெசவு உயர்ந்த தொழில். ஆயினும், வேறு மார்க்கம் இருப்பதே தெரியாமல் ஒரு குழந்தையை அதில் அமர்த்துவதை என் மனம் ஏற்கவில்லை.

இதே காஞ்சியில், சதாவரத்திலே, செவித்திறன் குறையுடையோருக்கென்று அரசுப் பள்ளி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியதோடு, அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவிபெறும் நிலையங்களிலும் 100-க்கு 5 இடங்களை ஒதுக்கியும் வைத்திருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பட்ட வகுப்புகள் நடக்கின்றன. இத்தகைய உயர்கல்வி இடங்களில் சேரப் பள்ளி இறுதிச் சான்றிதழ் அவசியம்.

அதைப் பெறுவதற்கு அரசுப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், கையால் எழுத இயலாதோருக்கும் பார்வையற்றோருக்கும் சொல்வதை எழுதுபவரும், செவித்திறன் குறைந்தோர்க்கு ஒரு மொழிப்பாடத்தில் விலக்கும் கிடைக்கும். மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியே அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போகவேண்டும். எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத இயலாதவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்துகொண்டு, ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். மொழி விலக்கு பரீட்சைக்கான சலுகை. அதைக் காரணம் காட்டி மொழியைக் கற்பிக்காமலே விட்டுவிட்டால், காதும் உதவாத பிள்ளைக்கு எழுத்தும் இல்லாமற் போகும்.

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுவதும் தகாது. பின்னத்தில் மேலே எது, கீழே எது, அடைப்புக்குறி எங்கே முடிகிறது என்று வாய்விட்டுச் சொல்வது தனி வித்தை. கேட்பவர் கணிதம் படித்தவராக இல்லாவிட்டால் விடை அறிந்த மாணவனும் திணறிப்போவான். ஆகையால், ஒன்பதாம் வகுப்பிலேயே அக்காளையோ அண்டை வீட்டுப் பிள்ளையையோ எதிரே உட்காரவைத்து, பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் பார்த்துச் சொல்லி எழுதுவிக்கும் அப்பியாசத்தை வாரந்தோறும் நடத்துங்கள்.